இரண்டு மணிப் பாறை

அல்பிரட் அண்ணன் கீழேயே நிற்கிறாரா, மேலே ஏறுகிறாரா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். இப்படியும் ஒரு வேலை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நிலாவெளிக் கடற்கரையில் இருந்த அந்த ஹோட்டலில் நான் வரவேற்பு மேசைக் கிளாக்கர். சாவி கொடுப்பேன், சாவி வாங்குவேன், வெள்ளைக்காரர் எதைக் கேட்டாலும் யெஸ் என்று சொல்வேன். மலை ஏறுவது என் கடமைகளில் இல்லை. வெயிலும் எனக்கு ஆகாது. ஆனாலும் மனேஜர் குணரத்தினம் போகச் சொன்னால் போகத்தான் வேண்டும். அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. ஹோட்டல் நிரம்பி வழிந்த காலம், மனேஜர்மாருக்கும் கொம்பு முளைத்திருந்த காலம்.

எல்லாம் ஒரு கொப்பியால் வந்தது. விருந்தாளிகள் போகும்போது தங்கள் கருத்தை எழுதிவிட்டுப் போக மேசையில் ஒரு கொப்பி வைத்திருந்தோம். ஒரு ஜெர்மன் பெண்மணி அதில் எழுதியிருந்தாள்: வழிகாட்டி நல்ல மனிதர், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் கீழே மர நிழலில் சாரதியோடு நின்றுகொண்டார், நாங்களே வழி கண்டுபிடித்து ஏறினோம். குணரத்தினம் அதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, வழிகாட்டியாக இருந்த அல்பிரட் அண்ணனைக் கூப்பிட்டார். இன்னொரு தரம் இப்படி ஒரு வரி வந்தால் பஸ் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். வேறு ஆள் தயாராகவும் இருந்தான். கொழும்பில் பயிற்சி எடுத்த, மொட்டுப்போல மீசை வைத்த ஒருவன் இரண்டு தரம் வந்து விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

அல்பிரட் அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. யுத்த காலத்தில், பத்தொன்பது வயதில், பிரிட்டிஷ்காரரின் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளாக்காகச் சேர்ந்தவர். ஐம்பத்தேழாம் ஆண்டு அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவருக்கு மிஞ்சியது ஒரு நற்சாட்சிக் கடிதமும், மாலுமிகளிடம் பழகிய ஆங்கிலமும்தான். அதற்குப் பிறகு அவர் செய்யாத வேலை இல்லை. கப்பலுக்குச் சாமான் ஏற்றும் கடையில் கணக்கெழுதினார், தியேட்டரில் ரிக்கற் கிழித்தார், உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தார், குடிசன மதிப்புக்கு வீடு வீடாகப் போனார். எதுவும் நிலைக்கவில்லை. கடைசியாகக் கடற்கரையில் ஹோட்டல்கள் வந்தன, அவருடைய ஆங்கிலத்துக்கு மறுபடியும் ஒரு விலை வந்தது. ஏழு வருஷமாக பஸ்ஸின் முன் ஆசனம் அவருடையது. கிழமைக்கு மூன்று தரம் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை மலை என்று காட்டி, பொழுதுபட ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்.

அந்த ஆசனம் போனால் அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. மனைவி எல்சியின் தங்கை புருஷன் ஒரு மரக்காலை வைத்திருந்தான். அங்கே காவலுக்கு ஆள் தேவையாம். "மரத்துக்குக் காவல் இருக்கிறதுக்கு என்ரை இங்கிலீசு தேவையில்லை" என்று ஒரு நாள் என் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த மனிதர் களைத்துப் போயிருந்தார், அது யாருக்கும் தெரியும்.

பஸ் சாரதி முனாப் கிண்ணியாக்காரர். பயண நாட்களைக் குறிப்பது அவருடைய பொறுப்பு, அதற்கும் ஒரு காரணம் இருந்தது. போயா என்கிற பௌர்ணமி நாளில் விகாரைகளில் சனம் நெரியும், அன்றைக்குப் பயணம் வைக்க ஏலாது. ஹோட்டல் சுவரில் தொங்கியது ஜெர்மனியிலிருந்து வந்த கலண்டர், அதில் பனிமலை இருந்தது, போயா இல்லை. அல்பிரட் அண்ணன் வீட்டுக் கலண்டர் கோயிலில் கொடுத்தது, அதில் புனிதர்களின் திருநாள்கள் இருந்தன. முனாப்போ பிறை எண்ணுகிறவர். பிறை பதினாலு என்றால் போயா என்பது அவர் கணக்கு. ஏழு வருஷம் அந்தக் கணக்கு பிசகியதில்லை, அதனால் வேறு யாரும் எந்தக் கலண்டரையும் பார்ப்பதில்லை.

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் பிறை பார்க்கிற அன்று மேற்கே முகில் மூடிக்கொண்டது. பிறை தெரியவில்லை. முப்பது நோன்பையும் நிறைவாக்கி மறுநாள்தான் பெருநாள் எடுத்தார்கள். முனாப் அந்தப் பெருநாளிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். வானத்து நிலா முகிலைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் காத்திருக்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"நாளைக்குப் பிறை பதின்மூண்டு. அதுக்கு அடுத்த நாள்தான் போயா. நாங்கள் பயமில்லாமப் போகலாம்" என்றார் என்னிடம்.

போனோம். பதினொரு வெள்ளைக்காரர், அல்பிரட் அண்ணன், முனாப், கையில் கொப்பியோடு உளவு பார்க்க நான். நான் ஏன் வருகிறேன் என்பது அல்பிரட் அண்ணனுக்குத் தெரியும். தன் பக்கத்து ஆசனத்தில் இருந்த சாப்பாட்டுப் பார்சல்களைத் தள்ளி எனக்கு இடம் விட்டார். கந்தளாய்க் குளத்துக்கு மேலால் பொழுது கிளம்பியபோது மைக்கைப் பிடித்து, குளம் எந்த அரசன் காலத்தது, எத்தனை ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் போகிறது என்று சொல்லத் தொடங்கினார். எனக்கு நித்திரை வந்தது. அவருக்கும் நித்திரையில் சொல்லக்கூடிய அளவுக்கு அது பாடம்.

தம்புள்ளையில் பாறை அடிவாரத்துக்கு ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். காலை ஏழரையில் அந்தப் பாறை குளிர்ந்திருக்கும், ஆட்கள் இருக்கமாட்டார்கள், அதற்காகத்தான் வெள்ளெனப் புறப்படுவது. ஆனால் வீதி முழுக்க வெள்ளை உடுப்பு. தாமரைப் பூவோடும் ஊதுபத்தியோடும் கிராமம் கிராமமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முனாப் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியறிங்கில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் சனத்தைப் பார்த்தார்.

"அண்ணன், இண்டைக்குத்தான்."

"என்ன இண்டைக்கு?"

"போயா. நான் பெருநாளிலை இருந்து எண்ணினனான். பிறை அதுக்கு முதல் நாளே பிறந்திருக்கு."

வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பார். அல்பிரட் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "சரி, மலைக்கு முதல் போவம். திரும்பி வரேக்கை ரெண்டு மணி ஆகும், சனம் குறைஞ்சிடும். அப்ப ஏறலாம்" என்றார். முனாப் பஸ்ஸைத் திருப்பினார்.

நாலந்தாவில் ஒரு பழைய கற்கோயில் இருக்கிறது. வீதியிலிருந்து இறங்கி நடந்து, படி ஏறிப் போகவேண்டும். அல்பிரட் அண்ணன் எல்லாருக்கும் முன்னால் நடந்தார். நான் என் வேலையைப் பார்த்தேன், அதாவது அவரைப் பார்த்தேன். அவர் நடக்கும்போது ஒரு சொல்லும் பேசவில்லை. தலையைக் குனிந்து தன் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் காலை வைத்து, அது வைக்கப்பட்டுவிட்டதா என்று கண்ணால் உறுதி செய்துவிட்டு மற்றக் காலை எடுத்தார். ஒரு வெள்ளைக்காரி பின்னாலிருந்து ஏதோ கேட்டாள். அவர் நின்றார், திரும்பினார், பதில் சொன்னார், பிறகு மறுபடி குனிந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது அவருடைய சேட் முதுகோடு ஒட்டியிருந்தது.

அதற்கு அப்பால் மலை தொடங்கியது. வளைந்து வளைந்து ஏறும் வீதி, இரண்டு பக்கமும் மிளகுக்கொடி, கொக்கோ, கமுகு, தூரத்தில் நீலமாய் அடுக்கடுக்காக மலை, அதன் இடுப்பில் முகில். வெள்ளைக்காரர் ஜன்னலுக்கு ஜன்னல் பாய்ந்தார்கள். ஒரு வளைவில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரும் இறங்கினோம். அல்பிரட் அண்ணன் அவர்களுக்கு முன்னால் நின்று மலைகளின் பெயரைச் சொன்னார், ஆற்றின் பெயரைச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நிற்கிற நிலையில் மலை முழுவதும் அவருக்குப் பின்னால் இருந்தது. ஏழு வருஷமாக அந்த மனிதர் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாத்தளையில் வெள்ளைக்காரர் சாப்பிடுகிற நேரம் நானும் அவரும் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்தோம். அவர் சீனி போடாத பிளேன்ரீ கேட்டார். எனக்கு அப்போது ஏதோ விளங்கத் தொடங்கியது.

"அண்ணன், உங்கடை காலுக்கு என்ன?"

"சீனி வருத்தம் தம்பி. ஆறு வருஷமாக் கிடக்கு. இப்ப ரெண்டு வருஷமாப் பாதம் செத்துப்போச்சு. ஊசி குத்தினாலும் தெரியாது." காலை நீட்டி வேறு யாருடையதோ போலப் பார்த்தார். "படி எங்கை எண்டு காலுக்குத் தெரியாது. கண்ணாலை பாத்துத்தான் வைக்கிறன். ஆக்களுக்குக் கதை சொல்லேக்கை அவையின்ரை முகத்தைப் பாக்கவேணும். ரெண்டையும் ஒரே நேரத்திலை பாக்க ஏலாது. அதுதான் கதையைக் கீழை நிண்டு சொல்லிப்போட்டு அவையை மேலை அனுப்பினனான். வேறை ஒண்டுமில்லை."

"குணரத்தினத்திட்டை இதைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அண்டைக்கே பஸ் போயிடும். செத்த காலோடை ஒரு கைட்டை ஆர் வைச்சிருப்பான்? உங்கடை றிப்போட்டிலை இதை எழுதாதேங்கோ தம்பி."

எழுதமாட்டேன் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். என்னுடைய நேர்மை அவ்வளவுக்குத்தான் பயன்பட்டது.

இரண்டு மணிக்குத் தம்புள்ளை. அவர் சொன்னபடியே சனம் கலைந்திருந்தது. சப்பாத்து, தொப்பி எல்லாம் கீழே கழற்றி வைக்கவேண்டும். காலையில் போவதற்கு வந்தவர்கள் என்பதால் இரண்டு மூன்று பேரைத் தவிர யாரிடமும் காலுக்குப் போடும் மேசு இல்லை. முதல் பத்தடியிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோசைக்கல் மாதிரிக் கொதித்தது பாறை. வெள்ளைக்காரர் ஒற்றைக் காலில் துள்ளினார்கள், கைக்குட்டையைப் போட்டு அதில் மிதித்தார்கள், நிழல் கண்ட இடமெல்லாம் ஓடி ஒதுங்கினார்கள். அல்பிரட் அண்ணன் மட்டும் குனிந்த தலையோடு ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தார். நான் பின்னால் துள்ளிக்கொண்டு போனேன். பார்க்கச் சிரிப்பாக இருந்திருக்கும்.

மேலே குகைகளுக்கு முன்னால் திறந்த பாறை வெளி. எல்லாரும் குகை விறாந்தை நிழலுக்குள் ஓடிப் புகுந்துகொண்டார்கள். அல்பிரட் அண்ணன் வெளியில், வெயிலின் நடுவில் நின்று திரும்பினார். இனிப் படி இல்லை. இனி அவர் காலைப் பார்க்கத் தேவையில்லை, முகங்களைப் பார்க்கலாம். பார்த்தார். பதினாலு வருஷம் இந்தக் குகைகளில் ஒளித்திருந்து, நாட்டை மீட்டபின் நன்றிக்காக இவற்றை விகாரையாக்கிய அரசனின் கதையைத் தொடங்கினார். நான் அவருடைய கதையைப் பல தரம் கேட்டிருக்கிறேன், என் மேசையருகே நின்று விருந்தாளிகளுக்குச் சுருக்கமாகச் சொல்வார். அன்றைக்குச் சொன்னதுபோல ஒரு நாளும் கேட்டதில்லை. தளத்துக் கதை, உப்பளம், தியேட்டர், கொப்பி, சிவப்பு மை எல்லாவற்றையும் மறந்துவிட்ட ஒருவரின் குரல் அது. அரசன் பசியோடு இருந்ததைச் சொன்னார், அவனுக்குப் பிச்சையில் பங்கு கொடுத்த பிக்குவைச் சொன்னார். அவசரப்படவில்லை. கால் மணித்தியாலம் நின்றார்.

முதலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அவர் காலைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். கமெராக்கள் வெளியே வந்தன. ஒருத்தி முழந்தாளிட்டுப் பாதத்தை மட்டும் படம் எடுத்தாள்.

எனக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சத்தம் போட்டால் போதும், நிழலுக்கு வாங்கோ என்று. அவர் இப்படிச் சொல்லும்போது குழப்பக்கூடாது என்று நினைத்தேன். இப்படி எல்லாரும் பார்த்து மெச்சினால் கொப்பியில் நல்லபடி எழுதுவார்கள் என்றும் நினைத்தேன். அவருக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதை முடிந்து அவர்கள் கைதட்டிய பிறகுதான் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

கீழே அல்பிரட் அண்ணன் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி பஸ்ஸில் ஏறும்போது மிதிபலகையில் ஈரமாகத் தடம் பதிந்தது. முனாப்தான் கண்டார். அவரை ஆசனத்தில் இருத்திக் காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கால் இரண்டிலும் தோல் கொப்பளித்து, வலது காலில் கழன்று தொங்கியது. முனாப் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் தன் துவாயைக் கிழித்துக் கட்டினார். "நான் எண்ணின எண்ணம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

அல்பிரட் அண்ணன் என்னைப் பார்த்தார். "கொப்பியை அவையிட்டைக் குடுத்தீங்களோ தம்பி?" என்றார்.

பதினொரு பேரும் எழுதியிருந்தார்கள். நெருப்புப் பாறையில் வெறுங்காலோடு நின்று கதை சொல்லும் மனிதர், ஜெபத்தால் வலியை வென்றவர், எங்கள் விடுமுறையின் மறக்க முடியாத நாள். கிழவர் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். என் றிப்போட்டில் நான், எல்லா இடமும் ஏறினார், என்று எழுதினேன். காலில் கொஞ்சம் காயம் என்று குணரத்தினத்திடம் வாயால் சொன்னேன். கொப்பியை இரண்டு தரம் வாசித்துவிட்டு அவர் ஒரு கிழமை லீவு கொடுத்தார். பிறகு ஒரு அறிவிப்பை ரைப் பண்ணச் சொன்னார். தம்புள்ளை, பிற்பகல் இரண்டு மணி, எரியும் பாறையில் நிற்கும் வழிகாட்டி. நான் ரைப் பண்ணி, வரவேற்பு மேசைக்கு மேலே ஒட்டினேன். பெயர் கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

லீவு முடிய ஒரு நாள் இருக்க அவர் வீட்டுக்குப் போனேன். எல்சி அக்கா கதவைத் திறந்து உள்ளே காட்டினார். அவர் கட்டுப்போட்ட காலை ஒரு கதிரையில் தூக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டுகிறார்களாம். ஆறு கிழமைக்குக் காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்று டொக்டர் சொன்னாராம்.

"நான் மனேஜரிட்டை உண்மையைச் சொல்லப்போறன்" என்றேன்.

"சொன்னா பஸ் போயிடும்" என்றார் அவர்.

"சொல்லாட்டிக் கால் போயிடும்" என்றார் எல்சி அக்கா. "தம்பி, இவர் இனி வரமாட்டார் எண்டு சொல்லுங்கோ."

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. "எனக்கு நோகேல்லை தம்பி. உண்மையா நோகேல்லை. நொந்திருந்தா நான் இறங்கியிருப்பன்" என்றார். பிறகு, எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

இருபத்தாறு என்றேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு எனக்கு உண்மையைச் சொல்லும் எண்ணம் விட்டுப்போயிற்று. இத்தனை வருஷமும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லி வந்தேன். சரியாகச் சொன்னால், குணரத்தினத்துக்கு முன்னால் போய் நிற்க எனக்குப் பயம்.

அடுத்த வருஷம் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அது ஊர் முழுக்கத் தெரியும். வருத்தத்தைக் கவனிக்காமல் விட்ட மனுசன், காசுக்காகப் பாறையில் ஏறினவன் என்று சொல்வார்கள். என்னிடம் கேட்டால் நானும் தலையாட்டுவேன். இரண்டாம் பயணத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

லீவு முடிந்ததும் வைத்த அந்தப் பயணத்துக்கும் நான் போனேன். முனாப் வரமாட்டேன் என்று நின்று, அல்பிரட் அண்ணன் கெஞ்சி, கடைசியில் வந்தார். வழி முழுக்க மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். ஹபரணையில் காற்றுப் பார்க்க வேண்டும் என்று ரயரைத் தட்டிக்கொண்டு நின்றார். மாத்தளையில் தொழுகைக்குப் போய் வெகு நேரம் வரவில்லை. வெயில் இறங்கட்டும் என்றுதான் இவ்வளவும். ஆனாலும் நாங்கள் பாறை அடிவாரத்துக்கு வந்தபோது மூன்றரை மணிதான், கல் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

சப்பாத்து வைக்கும் இடத்தில் ஒரு வாங்கு இருந்தது. அல்பிரட் அண்ணன் அதில் இருந்தார். இருபத்தாறு பேரும் கமெராவோடு சுற்றி நின்றார்கள். கட்டோடு ஏறலாமே என்று நான் அவர் காதில் சொன்னேன். "கட்டைக் கண்டா என்ன நினைப்பினம்?" என்று குனிந்து முடிச்சை அவிழ்த்தார். ஒவ்வொரு சுற்றாக, அவசரமில்லாமல், சுருட்டிச் சுருட்டி எடுத்தார். கடைசிச் சுற்றுகள் ஈரமாக இருந்தன. கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே வைப்பது என்று அங்குமிங்கும் பார்த்தார்.

நான் கையை நீட்டினேன். அவர் அதை என்னிடம் தந்துவிட்டு, "தாங்ஸ் தம்பி" என்று எழும்பி, காலைப் பார்த்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்.